சேலைத் தொட்டிலா, கட்டிலா, அம்மாவின் பக்கமா? பச்சிளங்குழந்தைக்கான இரவுப் படுக்கை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் வீடு திரும்பும் நாளிலேயே, பிள்ளையை இரவில் எங்கே படுக்க வைப்பது என்பதற்கு மூன்று விடைகள் காத்திருக்கும். மாமியார் பழைய பருத்திச் சேலை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருப்பார். ஈப்போவில் வேலை பார்க்கும் நாத்தனார், கம்பியடைத்த குழந்தைக் கட்டிலைத்தான் வாங்க வேண்டும் என்பார். இரவில் நாலைந்து முறை எழுந்து பால் கொடுக்க வேண்டிய தாயோ, பிள்ளையைத் தன் பக்கத்திலேயே கிடத்திக்கொள்ள விரும்புவாள். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால், இவற்றை ஒப்பிடும்போது எதில் பிள்ளை சீக்கிரம் தூங்கும் என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டால், தொட்டிலே எப்போதும் வெல்லும். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்ட பிறகு, எட்டிப் பார்க்க ஆளில்லாத நேரத்தில், பிள்ளைக்கு எது தீங்கு செய்யாது என்பதை முதலிலும், தூக்கம் எப்படி வரும் என்பதை அதற்கு அடுத்தும் வைத்து எடைபோடுவதே சரியான முறை என்பது என் கருத்து.

அதற்கு முன், பச்சிளங்குழந்தையின் தூக்கத்தைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் மூன்று மாதங்களில் பிள்ளை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும். ஆனால் அது இரவு பகல் என்ற வேறுபாடின்றித் துண்டு துண்டாக அமையும். ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 50 நிமிடங்களே நீடிக்கும். அதில் பாதியளவு, இமை துடிப்பதும் முனகுவதும் கைகால் உதறுவதுமான அசைவுத் தூக்கம். அந்த முனகலைக் கேட்டவுடனே பாய்ந்து தூக்குகிறவர்கள், தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தாமே எழுப்பிவிடுகிறார்கள். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் பல நேரம் அது தானாகவே அடங்கிவிடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். இரவில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற சுரப்பு, பிள்ளையின் உடலில் இரண்டு மூன்று மாதம் கழிந்த பிறகே ஒழுங்குபடத் தொடங்குகிறது. எனவே, விடிய விடியத் தூங்க வைக்கும் என்று சொல்லி எந்தப் படுக்கையை விற்றாலும் அதை நம்ப வேண்டியதில்லை. சொல்லப்போனால், பிறந்தபோது இருந்த எடையை மீண்டும் எட்டும் வரை, நெடுநேரம் தூங்கும் பிள்ளையை நாமே எழுப்பிப் பால் கொடுக்க வேண்டியிருக்கும். மஞ்சள் காமாலை கூடிய பிள்ளை மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தொந்தரவில்லாத நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. பார்க்க வரும் அரசாங்கக் கிளினிக் தாதியிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

இனித் தொட்டிலுக்கு வருவோம். நம்மவர்களுக்குத் தொட்டில்மேல் இருக்கும் நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததன்று. தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்த காலத்தில், ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன்னே பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலைப் பெயர்ப்பதிவுக்கு, ஓடுவார்கள். கொட்டகையின் உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஆயா ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததை எட்டிப் பார்ப்பார். அழுகிற பிள்ளையைத் தூக்குவார், ஈரத்தை மாற்றுவார். பல தலைமுறைப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள். ஆனால், அந்தப் பிள்ளைகள் தூங்கியது பகலில் என்பதையும், ஒருவர் கண்விழித்துக் காவல் இருந்தார் என்பதையும் மறந்துவிட்டுத் தொட்டிலை மட்டும் படுக்கையறைக்குக் கொண்டுவந்தால், அதன் பாதியைத்தான் கொண்டுவந்தவர்களாவோம்.

தொட்டில் தூங்க வைக்கும் என்பதில் ஐயமில்லை. "ஏணைல போடும்மா, அஞ்சு நிமிசத்துல கண்ண மூடிடும்" என்று மாமியார் சொன்னால், பெரும்பாலும் அப்படியே நடக்கும். சீரான அசைவு பச்சிளங்குழந்தையை அமைதிப்படுத்துகிறது. துணி இரு பக்கமும் அணைத்துக்கொள்வதால், திடுக்கிட்டுக் கை விரிக்கும் அனிச்சைச் செயலும் குறைகிறது. சிக்கல், தூங்கிய பிறகுதான் தொடங்குகிறது. சேலையின் அடி வளைந்திருப்பதால் பிள்ளையின் முதுகு வளைந்து, மோவாய் மார்பின்மேல் கவிழ வாய்ப்பு அதிகம். கழுத்துத் தசை வலுவடையாத பிள்ளையால் தலையைத் தானே நிமிர்த்திக்கொள்ள முடியாது. அதன் மூச்சுக்குழாயோ மிகக் குறுகலானது. அந்த வளைவிலேயே அடைபடக்கூடும். முகம் ஒரு பக்கமாகத் திரும்பித் துணியோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டுமே சத்தமில்லாமல் நடப்பவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, பிள்ளை தூங்கும் பரப்பு உறுதியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும் என்றும், 10 பாகைக்கு மேல் சாய்வு கூடாது என்றும் வலியுறுத்துகிறது. எப்படி இழுத்துக் கட்டினாலும் சேலைத் தொட்டில் சமதளம் ஆகாது.

இப்போது நம் வீடுகளில் மிகுதியாக இருப்பது ஸ்பிரிங் தொட்டில். பழைய தோட்டத்து வீடுகளில் கனமான மர விட்டம் இருந்தது. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் கூரைக்குக் கீழே மெல்லிய பலகை உள்கூரை மட்டுமே இருப்பதால், இரும்புக் கால்களுடன் கூடிய சட்டத்தை வாங்கி அதில் ஸ்பிரிங்கை மாட்டுகிறார்கள். உள்கூரைப் பலகையில் கொக்கி அடிப்பதை எக்காரணத்தாலும் செய்யக் கூடாது. முதல் பிள்ளைக்கு வாங்கிய ஸ்பிரிங்கையே துரு பார்க்காமல் மூன்றாம் பிள்ளைக்கும் மாட்டுவது நம்மிடையே சாதாரணம். அந்தச் சிக்கனத்தை வேறு பொருளில் வைத்துக்கொள்ளலாம். மேலும் கீழுமாக வேகமாக உதறி ஆட்டுவது பச்சிளங்குழந்தையின் தலைக்கு ஆகாது. அழுகை நிற்காத எரிச்சலில் ஆட்டும் கை தானாகவே வேகமெடுக்கும் என்பதால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. மின்சார மோட்டார் பொருத்திய தொட்டில், ஆட்டும் வேலையை மிச்சப்படுத்துகிறது என்பதே அதன் குறை. ஆட்டுகிறவர் அருகில் இருப்பார் என்ற பழைய காவலையும் அது எடுத்துவிடுகிறது. வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால், தொங்கும் சேலையில் விளையாட்டாக முறுக்கிக்கொண்டு கழுத்தில் சிக்கிக்கொள்ளக்கூடும். பயன்படுத்தாத நேரத்தில் சேலையை அவிழ்த்து எடுத்துவிடுவதே நல்லது.

தொட்டில் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அலமாரியில் கிடந்த சேலையின் மணம். நம் வீடுகளில் சேலைக்கு இடையே அந்துருண்டை போட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்த நாப்தலின் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தக் குறைபாட்டைச் சோதித்துவிடுகிறார்கள். முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறைபாடு இல்லையென்றாலும், அந்துருண்டை பட்ட துணியைப் பிள்ளைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை.

ஆகவே, பகலில் பெரியவர் ஒருவர் அருகிலேயே உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குத் தொட்டில் இருக்கட்டும். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் கட்டி, கீழே கனமான விரிப்பு போட்டு, பிள்ளை தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கக் கிடத்துவதாக இருந்தால் அதை நான் மறுக்க மாட்டேன். இரவுக்கு அது வேண்டாம்.

குழந்தைக் கட்டில் பாதுகாப்பில் முதலிடம் பெறுகிறது. ஆனால் கட்டில் என்ற பெயர் மட்டும் பாதுகாப்பைத் தந்துவிடாது. கம்பிகளுக்கிடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தை அழுத்தினால் குழியாமல், ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் நுழையாதபடி சட்டத்தோடு பொருந்த வேண்டும். உறவினர் வீட்டிலிருந்தோ முகநூல் விற்பனையிலிருந்தோ வரும் பழைய கட்டில்களில், பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகை இருந்தால் தவிர்த்துவிடுங்கள். சட்டம் கழன்று பிள்ளைகள் இடுக்கில் சிக்கி இறந்ததால், அமெரிக்கா 2011இல் அதன் விற்பனையையே தடை செய்தது. கட்டிலை வாங்கிய பிறகு, அதை அழகுபடுத்தும் ஆசையில்தான் பலர் தவறுகிறார்கள். சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டு, பொம்மை, போர்வை, தலை உருண்டையாவதற்கென்று பாட்டி தைத்துத் தரும் கடுகுத் தலையணை எல்லாமே முதலாண்டில் கட்டிலுக்கு வெளியே இருக்க வேண்டியவை. தலை ஒரு பக்கம் தட்டையாவது கவலையாக இருந்தால், விழித்திருக்கும் நேரத்தில் அருகிலிருந்து பார்த்துக்கொண்டு பிள்ளையைக் குப்புறப் போட்டுப் பழக்குவதே அதற்கு வழி.

கட்டிலின் உண்மையான குறை, பிள்ளையை அதில் கிடத்திய கணமே அழத் தொடங்கிவிடுவது. இதற்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022இல் ஒரு வழி சொன்னார்கள். அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் சீராக நடந்து, தூங்கியதும் உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்து, அதன் பிறகு கிடத்தினால் விழிப்பது குறைவு என்பது அவர்களின் கண்டறிவு. சிறிய ஆய்வுதான், எல்லாப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் செலவில்லாதது, தீங்கில்லாதது. தொட்டில் தரும் அசைவை நம் கால்கள் தந்துவிட்டு, கட்டில் தரும் சமதளத்தில் கிடத்த இது உதவுகிறது.

மூன்றாவது, அம்மாவின் பக்கம். நம் வீடுகளில் மிகப் பரவலாக இருப்பதும், கிளினிக்கில் கேட்டால் மிகக் குறைவாக ஒப்புக்கொள்ளப்படுவதும் இதுதான். பால் கொடுக்க எளிது. தாய்க்கு எழுந்து உட்காரும் வேதனை இல்லை. பிள்ளையும் வாசனை அறிந்து அடங்கிவிடும். மேற்சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் ஒரே படுக்கையில் உறங்குவதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரே அறையில் தனிப் பரப்பில், குறைந்தது முதல் 6 மாதம் வரை படுக்க வைக்கும்படி சொல்கிறது. பிரிட்டனில் மருத்துவர்கள், தாய்மார் எப்படியும் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, எந்தச் சூழலில் அது கட்டாயம் கூடாது என்பதை விளக்கிச் சொல்கிறார்கள். நமக்கு இரண்டாவது முறையே பயன்படும் என நினைக்கிறேன். ஏனென்றால், மறைத்துச் செய்வதில்தான் ஆபத்து கூடுகிறது.

படுக்கையில் உறங்கும் இருவரில் ஒருவர் புகைப்பவராக இருந்தாலும், அறைக்கு வெளியே நின்று புகைப்பவராக இருந்தாலும்கூட, பிள்ளை அந்தப் படுக்கையில் படுக்கக் கூடாது. சம்சுச் சாராயமோ பியரோ குடித்தவர், தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து சாப்பிட்டவர், இரவு வேலை முடிந்து அசந்துபோய் வந்தவர் ஆகியோர் பக்கத்திலும் கூடாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையையும், 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளையையும் எவர் பக்கத்திலும் படுக்க வைக்கக் கூடாது. சோபாவில் பால் கொடுத்தபடியே கண்ணயர்வது இவை எல்லாவற்றிலும் கொடியது. தூக்கம் வருகிறது என்று தெரிந்தால் சோபாவைவிட்டு எழுந்து படுக்கைக்குப் போய்விடுவதே மேல். நம் வீடுகளில் விரிக்கும் தடித்த தோத்தோ மெத்தையும் ஆபத்தற்றதன்று. அதன் மென்மையில் பெரியவர் உடல் புதையும்போது, பிள்ளை அந்தப் பள்ளத்தை நோக்கி உருளும்.

சிறிய வீட்டுக்கு நான் முதலில் சொல்லும் தீர்வு, இந்த மூன்றுக்கும் இடையே கிடக்கிறது. தாய் தரையில் மெத்தை விரித்துப் படுப்பவராக இருந்தால், அதையொட்டிக் கை எட்டும் தூரத்தில், பிள்ளைக்கென்று மெல்லிய, உறுதியான தனி மெத்தையை விரித்து, அதன் விரிப்பை இறுக்கமாகச் செருகிவிடலாம். பால் கொடுத்து முடிந்ததும் பிள்ளையைத் தூக்கி நடக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பரப்புக்கு மாற்றினால் போதும். கட்டிலுக்கு இடமில்லாத அறைக்கும், பணமில்லாத மாதத்துக்கும் இது பொருந்தும். தரையில் போட்டால் பூரானும் எறும்பும் ஏறும் என்று பாட்டிமார் சொல்வது வீண் பயமன்று; செம்பனைக் காட்டையொட்டிய வீடுகளில் அது நடக்கிறது. குடை போல மடக்கும் கொசுவலை ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அடியிலும் துணி தைத்த வகையைத் தேர்ந்து, வலை பிள்ளையின் முகத்தில் படாத உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து வைத்தால், டிங்கிக் கொசுவுக்கும் அதுவே காப்பு. கொசுவர்த்தியின் புகை பிள்ளை தூங்கும் அறைக்கு வேண்டாம். மாலையில் பிள்ளைக்குக் காட்டும் சாம்பிராணிக்கும் இது பொருந்தும்.

எந்தப் படுக்கையானாலும் பிள்ளை மல்லாக்கப் படுக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தால் கக்கும் பால் புரையேறிவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவார்கள். உண்மையில், மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைவதால், கக்கியது மூச்சுக்குள் இறங்குவது கடினம். குப்புறப் படுக்கும்போதுதான் அது எளிதாகிறது. பிரிட்டன் 1991இலும் அமெரிக்கா 1994இலும் மல்லாக்கப் படுக்க வைக்கும் பரப்புரையைத் தொடங்கின. அதன்பின் அங்கே பச்சிளங்குழந்தைகளின் திடீர் மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. இத்தகைய மரணங்கள் மிகுதியாக நேர்வது 1 முதல் 4 மாதம் வரையிலான வயதில் என்பதால், இந்தப் படுக்கை விவகாரத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டிய காலமும் அதுவே.

துணியில் சுற்றிப் படுக்க வைப்பதை மலாய்க்காரர்கள் 'பெடோங்' என்பார்கள். நம்மவர்களும் அதைப் பின்பற்றுகிறார்கள். கைகளை மார்போடு அணைத்தும், இடுப்பும் கால்களும் தவளைக்கால் போல மடங்கி விரிய இடம் விட்டும் மெல்லிய பருத்தித் துணியில் சுற்றினால், திடுக்கிட்டு எழுவது குறையும். கால்களை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு பிசகக்கூடும். நம் ஊர் வெப்பத்தில் சுற்றுத்துணிக்குமேல் போர்வையோ, தொப்பியோ, காலுறையோ சேர்ப்பது கேடு. பிடரியைத் தொட்டு, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைத்துவிட வேண்டும். பிள்ளை பெற்றவள் பத்தியம் இருக்கும் வீட்டில் காற்று படக் கூடாதென்று சன்னலையெல்லாம் அடைத்து வைக்கும் வழக்கம், தாயைவிடப் பிள்ளையையே அதிகம் வாட்டுகிறது. காற்றாடியை நேராக முகத்தில் படாதபடி வைத்து ஓட விடலாம்.

தூக்கத்துக்கென்று வாயில் ஊட்டும் பொருள்களில் ஒப்பிட எதுவுமில்லை. தேன் ஒரு வயது வரை கூடாது. அதிலுள்ள நுண்ணுயிர் வித்துகள் பிள்ளையின் நரம்புகளை முடக்கும் நச்சை உண்டாக்கக்கூடும். வசம்பு உரசி ஊட்டுவதும், பால் புட்டியில் நெஸ்டம் என்ற தானிய மாவைக் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். வயிறு கனத்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்பது தவறான நம்பிக்கை, புரையேறும் ஆபத்தோ உண்மையானது. 6 மாதம் வரை பாலைத் தவிர வேறு ஒன்றும் தேவையில்லை, தண்ணீர் உட்பட.

படுக்கையைத் தேர்ந்தெடுப்பதோடு, இரவில் யார் எழுவது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது; ஒரே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்த மணமான ஆணுக்கு, மனைவியின் பிரசவத்தை முன்னிட்டு 7 நாள் விடுப்பு உண்டு. அந்த 7 நாளைச் சொந்தபந்தங்களுக்குத் தேநீர் கலக்குவதில் கழித்துவிடாமல், ஏப்பம் விட வைப்பதையும் பெம்பர்ஸ் மாற்றுவதையும் கணவர் பழகிக்கொண்டால், அதன் பிறகும் இரவில் தாய் பால் கொடுத்தவுடனே படுத்துவிடலாம். தாய் அசந்து தூங்கி, பிள்ளைமேல் கை போட்டுவிடும் ஆபத்தைக் குறைக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடும் மாமியார் வீட்டில் இருந்தால், அந்த நேரத்துப் பிள்ளையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம். தொட்டில் கட்ட வேண்டும் என்ற அவருடைய ஆசைக்கும் அதுவே பொருத்தமான வேளை. விழித்திருப்பவர் அருகில் இருக்கிறார் அல்லவா? விடிந்ததும் சன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுவதும், இரவில் மங்கிய விளக்கில் பேச்சில்லாமல் பால் கொடுப்பதும், பிள்ளைக்கு இரவு பகல் பழகுவதை மெல்ல விரைவுபடுத்தும்.

வாங்கவும் வைக்கவும் வசதியிருக்கும் வீட்டுக்குத் தாயின் படுக்கையை ஒட்டிய கட்டில். ஓர் அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டுக்குத் தனி மெத்தையும் கொசுவலையும். குறைமாதப் பிள்ளைக்கும், புகைப்பவர் இருக்கும் வீட்டுக்கும் எந்த விலை கொடுத்தேனும் தனிப் பரப்பு. இந்த முடிவும் மூன்று நான்கு மாதத்துக்கே செல்லும். பிள்ளை புரள முயல்வது தெரிந்த அன்றே சுற்றுத்துணியை நிறுத்திவிட வேண்டும். தரை மெத்தையைச் சுவர் இடுக்கிலிருந்தும் அலமாரியிலிருந்தும் நன்றாக விலக்கிப் போட வேண்டும். சேலைத் தொட்டிலைப் பகலுக்கும் அவிழ்த்துவிட வேண்டும். கட்டில் வைத்திருப்பவர்கள், பிள்ளை உட்காரத் தொடங்கும் முன்பே அதன் மெத்தைத் தளத்தை இறக்கிவிட வேண்டும்.